மக்கள் பங்கு

அந்த ஆள் நாசமாகப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தினமும் காலையில் அவனுக்கு ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டேன். வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு ஆறியிருக்கும். எனக்கு ஆறவில்லை, ஆற விடவும் இல்லை.

வெளிநாட்டுப் பணத்தில் ஏழை ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் ஒன்றில் நான் டிரைவர். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். என் படிப்பு அவ்வளவுதான். ஆனால் காது பழுதில்லை. ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்குக் காது இருக்காது என்று பின் சீட்டுக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் கெடுத்ததில்லை.

எங்கள் டைரக்டருக்கு நாங்கள் வைத்த பேர் குச்சி. ஒல்லி என்பதால் அல்ல, உருண்டு திரண்ட உடம்பு அவனுக்கு. கையில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சி இருக்கும், எண்ணெய் தடவிப் பளபளவென்று. ஊர்க் கூட்டம் என்றால் தரையைப் பெருக்கச் சொல்லி, சனங்களை வட்டமாக உட்கார வைத்து, யாராவது ஒரு பெண்ணின் கையில் அந்தக் குச்சியைக் கொடுப்பான். "உங்க ஊரை நீங்களே வரைஞ்சு காட்டுங்கம்மா. வீடு எங்க, கிணறு எங்க, தண்ணி எங்க வேணும்? குச்சி யார் கையில இருக்கோ அதிகாரமும் அவங்க கையில. அவங்க வரைஞ்சதை வெளியாளுங்க அழிக்கக் கூடாது. நான்கூட."

அந்த 'நான்கூட'வைச் சொல்லும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்வான். இதை வெளிநாட்டு மேடைகளில் பேசி, புத்தகத்தில் எழுதி, பெரிய ஆளானவன்.

இன்னொரு கொள்கையும் வைத்திருந்தான். அதற்குப் பெயர் மக்கள் பங்கு. "சும்மா குடுத்தா மதிக்க மாட்டாங்க. அவங்க உழைப்பும் அதுல இருக்கணும். அப்பத்தான் நம்ம குழாய்னு பாத்துக்குவாங்க." கேட்டால் நியாயமாகத்தான் படும். ஒருநாள் நான் கேட்டேன், "சார், உங்க வீட்டுக் குழாய்க்கு நீங்க எவ்வளவு தூரம் தோண்டினீங்க?" விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த வாரக் கூட்டத்தில் அதைத் தன் சொந்த நகைச்சுவையாக எடுத்துவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். பங்கு என்றால் எப்படி என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என் தங்கச்சி குடும்பம் இருந்தது மேட்டுக் குடியிருப்பில். ஆற்றங்கரைத் தொட்டியிலிருந்து அங்கே குழாய் போவதாக ஏற்பாடு. மேட்டை அறுத்துக்கொண்டு போக வேண்டியிருந்ததால் பள்ளம் ஓர் ஆளை முழுங்கும் ஆழம். மண்ணோ வெறும் பொடிமணல். பாதித் தூரம் கான்ட்ராக்ட்காரன் தோண்டினான். அவன் ஆட்களுக்குக் கூலி, தொப்பி, பக்கச் சுவர் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுப்பலகை. மீதிப் பாதி மக்கள் பங்கு. அதற்குக் கூலி கிடையாது, தொப்பி கிடையாது, பலகையும் கிடையாது. என் தங்கச்சி புருஷன் போய்க் கேட்டிருக்கிறான், "அந்தப் பலகையில நாலு குடுங்களேன்." இன்ஜினியர் சொன்ன பதில்: "அது வேலை நடக்கிற இடத்துக்குத்தான்யா. உங்களுது வேலை இல்ல, பங்கு."

மண் சரிந்தது. தங்கச்சி புருஷனை வெளியே எடுத்தபோது அவன் கண் திறந்தேதான் இருந்தது.

நான்தான் ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குச்சியும் கூட வந்தான். டாக்டர் செத்தவன் வாய்க்குள் விரலை விட்டு மண்ணை வழித்துப்போட்டார். குச்சி மெதுவாகக் கேட்டான், "டாக்டர், ஆள் குடிச்சிருந்தானா?" டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "வாய் நிறைய மண்ணுதான் இருக்கு. சாராய வாடையே இல்ல" என்றார். கேட்டவர்கள் இரண்டே பேர். அவனும் நானும்.

அடுத்த வாரம் மேட்டுக் குடியிருப்பில் இரங்கல் கூட்டம். மைக் பிடித்துக் குச்சி பேசினான். "ரொம்ப வருத்தமான சம்பவம். ஆனா ஒண்ணு சொல்லியாகணும். குடிச்சிட்டுப் பள்ளத்துல இறங்கக் கூடாது. இந்த ஊர் மக்கள் இந்தத் திட்டத்துக்கு இன்னும் தயாராகல." பலகையைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் கேட்பார்களே, அந்தப் பயம் அவனுக்கு. செத்தவன் வந்து கேட்க மாட்டான் அல்லவா? மேட்டுக் குடியிருப்பின் பேரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பள்ளம் அப்படியே கிடந்தது. திட்டத்தின் பேரெழுதிய போர்டும் அப்படியே நின்றது. தண்ணீர்தான் வரவில்லை, போர்டு முதலிலேயே வந்துவிட்டதே.

இதில் எனக்குப் பொறுக்காதது எது தெரியுமா? செத்தவனைப் பெற்ற தாயே அதை நம்பினாள். படித்தவன், மைக்கில் சொல்கிறான், பொய்யா சொல்வான்? தங்கச்சியைப் பார்த்து, "நீ குடிக்க விட்டே. உன்னாலதான் போனான்" என்றாள். அதற்குப் பிறகு மருமகளோடு அவள் பேசவில்லை. ஒரே அடுப்பு, ஒரே கூரை, நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. டாக்டர் சொன்னதை நான் போய்ச் சொன்னேன். "நீ அவளுக்கு அண்ணன், அவளுக்காகத்தான் பேசுவே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் கிழவி. டாக்டரிடம் கேட்கலாம் என்று போனால் அவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

"வேலையை விட்டுடு அண்ணே" என்றாள் தங்கச்சி. "அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறே?"

"விட்டுட்டா அவன் எங்க போறான், எப்ப போறான், யாரோட போறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "உண்மை அவன் வாயாலதான் வரணும்" என்றாள். "வேற யார் வாயும் எனக்கு வேணாம். கிழவி காதுல விழற மாதிரி, அவன் வாயால."

எனக்கு அது போதாது என்றுதான் தோன்றியது. சொல்லவில்லை.

பணம் கொடுக்கும் நாட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது பார்வையிட வருவார்கள். வருகிறவர்கள் எல்லோரையும் ஒரே இடத்துக்குத்தான் கூட்டிப்போவோம், தார் ரோட்டை ஒட்டியிருந்த மாதிரிக் குடியிருப்புக்கு. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். கொட்டாமல் என்ன செய்யும்? முதல் நாள் சாயங்காலம் டேங்கர் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போயிருக்கும். லாரிக்காரன் எனக்குப் பழக்கம். அவன் அடிக்கடி சொல்வான், "பெருசு, நாம ரெண்டு பேரும் ஒரு நாள் படுத்துக்கிட்டா இந்த நாட்டுல வளர்ச்சியே நின்னுடும்."

அந்த வருஷம் வரப்போவது ஒரு வயதான அம்மாள் என்றும், குச்சி எழுதியதையெல்லாம் படித்தவள் என்றும், தலைநகரத்திலிருந்து சொந்தமாக மொழிபெயர்ப்புக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வருகிறாள் என்றும் பின் சீட்டில் பேசிக்கொண்டார்கள். குச்சிக்கு அந்தக் கடைசி விஷயம் பிடிக்கவில்லை. இதுவரை எல்லோருக்கும் அவனே மொழிபெயர்ப்பான். சனங்கள் "எங்களுக்குத் தண்ணியே வரல" என்றால், "இன்னும் கூடுதலா வேணும்னு ஆசைப்படறாங்க" என்று சொல்வான். சிரித்த முகம் மாறாது.

நான் லாரிக்காரனைப் போய்ப் பார்த்தேன்.

"நாளன்னைக்கு அந்தம்மா வர்றப்ப உன் லாரி ரிப்பேர்" என்றேன்.

"என் லாரிக்கு என்ன? கல்லு மாதிரி ஓடுது."

"பாலத்து மேல, குறுக்கால, ரிப்பேர்."

யோசித்தான். அந்தச் சின்னப் பாலத்தைத் தாண்டித்தான் மாதிரிக் குடியிருப்பு. அதை விட்டால் மேட்டுக் குடியிருப்பு வழியாகப் போகும் மண் ரோடு ஒன்றுதான் வழி. அவனுக்குப் புரிந்துவிட்டது. "என் வேலை போயிடும் பெருசு."

"போகும்."

"ஆறுதலா ஒரு வார்த்தை சொல்றியா பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் செய்தான். அவனும் அந்தப் பள்ளத்தில் மண் அள்ளியவன்தான், என் தங்கச்சி புருஷனைக் கையாலேயே தோண்டி எடுத்தவர்களில் ஒருவன்.

அன்று காலை குச்சி முன் சீட்டில், அம்மாளும் மொழிபெயர்ப்புப் பெண்ணும் பின்னால். பாலத்தின் குறுக்கே லாரி நின்றது. பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த லாரிக்காரன் வெளியே எடுக்கவே இல்லை, ஒரு கையை மட்டும் ஆட்டினான்.

"எவன்டா இவன்? திருப்பு, நாளைக்கு வரலாம்" என்றான் குச்சி.

பின்னாலிருந்து அம்மாள் ஏதோ கேட்டாள். "வேற வழி இல்லையான்னு கேக்கறாங்க" என்றாள் பெண்.

"இருக்கே" என்றேன் நான், குச்சி வாயைத் திறப்பதற்குள். வண்டியைத் திருப்பி மண் ரோட்டில் இறக்கினேன். குச்சி என் தொடையைக் கிள்ளினான். கிள்ளட்டும். அந்த ரோட்டில் குலுங்கிய குலுக்கலில் அவன் விரல் பிடி நழுவிவிட்டது.

மேட்டில் ஏறியதும் போர்டு தெரிந்தது. அம்மாள் எட்டிப் பார்த்தாள். அதிலிருந்த தன் நாட்டுச் சின்னத்தை யாருக்குத்தான் அடையாளம் தெரியாது? "இதுவும் நம்ம இடம்தானா? நிறுத்தச் சொல்றாங்க" என்றாள் பெண்.

"இது பழைய இடம், இப்ப ஒண்ணுமில்ல" என்று குச்சி சொல்லி முடிக்குமுன் நான் பிரேக் போட்டுச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

போர்டுக்குக் கீழே தரை பெருக்கியிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், கூட்டத்துக்கு அவன் சொல்லிக் கொடுத்த மாதிரியே. தங்கச்சி நடுவில். அவள் மாமியார் எல்லோருக்கும் பின்னால், ஒரு கல்லில்.

தங்கச்சி எழுந்து வந்து கை நீட்டினாள். "குச்சியைக் குடுங்க சார்."

அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தில் படித்தது கண் முன்னால் நடக்கிறதே! அப்படி ஒரு முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குச்சி எப்படி மறுப்பான்? கொடுத்தான்.

தங்கச்சி வரைந்தாள். வீடுகள், ஒற்றைக் கிணறு, கீழே ஆறு, கரையில் தொட்டி. தொட்டியிலிருந்து ஒரு கோடு மேட்டை நோக்கி வந்தது. ஓர் இடத்தில் நிறுத்தி, குச்சியை ஆழமாக ஊன்றி ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

அம்மாள் குனிந்தாள். "இது என்னன்னு கேக்கறாங்க."

அப்போதுதான் குச்சி அதைச் செய்தான். யோசித்துச் செய்திருக்க மாட்டான். "இது தப்பும்மா, இந்த வேலைதான் நின்னு போச்சே" என்றபடி ஒரு எட்டு முன்னால் வந்து, தன் ஷூவால் அந்தக் கோட்டையும் குறியையும் தேய்த்து அழித்தான். சமையலறையில் கரப்பானைத் தேய்க்கிற மாதிரி.

அம்மாள் அவன் ஷூவைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி ஷூ. அவளுக்குத் தங்கச்சியையும் தெரியாது, செத்தவனையும் தெரியாது. ஆனால் அந்த மனுஷனின் புத்தகத்தில் எது செய்யக் கூடாது என்று முதலில் எழுதியிருந்ததோ அதை அவனே செய்ததை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள்.

"அழிச்சா போயிடுமா சார்?" என்றாள் தங்கச்சி. "அங்கதான் என் வீட்டுக்காரர் செத்தாரு. வாங்க, நிஜப் பள்ளத்தையே காட்டறேன். அதையும் ஷூவால அழிங்க."

மொழிபெயர்ப்புப் பெண் ஒரு வார்த்தையும் விடாமல் அம்மாளிடம் சொன்னாள். குச்சி அம்மாளிடம் அவள் பாஷையில் படபடவென்று பேசினான். "உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க, பிறகு பேசலாம்னு சார் சொல்றாரு" என்று அதையும் அந்தப் பெண் எங்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டாள். நல்ல பிள்ளை.

போர்டுக்குப் பக்கத்திலேயே கிடந்த பள்ளத்துக்கு எல்லோரும் நடந்தோம், கிழவி மட்டும் கல்லிலேயே இருந்தாள். ஓரங்கள் உதிர்ந்து, அடியில் முள் முளைத்துக் கிடந்தது. அம்மாள் தங்கச்சியிடம், "நீங்க என்ன எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்டாள்.

"சார் பங்கு பாக்கி இருக்கு" என்றாள் தங்கச்சி. "உழைப்பு இல்லாம எதுவும் சொந்தமாகாதுன்னு சொன்னவரு இவருதான். எங்க வீட்டு ஆள் பங்கு முடிஞ்சுது. இவரு இறங்கட்டும். ஒரு கூடை மண்ணு."

குச்சி சிரித்தான். "டிரைவர், வண்டியை எடு."

"சாவியைக் காணோம் சார்."

அம்மாள் அமைதியாக ஏதோ சொன்னாள். பெண் அவனைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். "குச்சி இன்னும் அவங்க கையிலதானே இருக்குன்னு கேக்கறாங்க சார்."

அவன் மூளை வேலை செய்ததை நான் பார்த்தேன். இறங்கினால் என்ன? ஒரு கூடை மண். டைரக்டரே மக்களோடு பள்ளத்தில்! சட்டைக் கையை மடித்தான், தன் போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினான். "ஒரு போட்டோ எடுங்கம்மா." ஷூவோடேயே சரிவில் வழுக்கி இறங்கினான். மண்வெட்டியைப் போட்டோம். போட்டோவுக்கு நிமிர்ந்து நின்று சிரித்தான். அவள் எடுத்தாள்.

பிறகு ஒரு வெட்டு வெட்டினான்.

பக்கச் சுவரிலிருந்து ஒரு பிடி மணல் அவன் கழுத்தில் கொட்டியது. சிரிப்பு நின்றது. அண்ணாந்து பார்த்தான். அவன் தலைக்கு மேலே விளிம்பில் நான் நின்றிருந்தேன். எங்கே நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் நின்றேன். காலை அழுத்தினேன், லேசாக. இன்னொரு பிடி விழுந்தது.

"யோவ், தள்ளி நில்லு! சுவர் விழுது! பலகை எங்க? இங்க முட்டுப்பலகை வைங்கய்யா!"

இதற்காக நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று யார் கண்டது? தங்கச்சி விளிம்பில் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "பலகையா? அது வேலைக்குத்தான் சார். இது பங்கு."

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சந்தோஷச் சிரிப்பு இல்லை அது.

"கை குடுங்க, மேல ஏத்துங்க!"

"குடுக்கறேன். அவரு குடிச்சிருந்தாரா?"

"அதெல்லாம் மேல வந்து..."

நான் காலை அழுத்தினேன். இந்தத் தடவை ஒரு கூடை அளவு சரிந்தது, அவன் முழங்கால் புதைந்தது.

"அவரு குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"சத்தமா. எங்க மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"இல்ல! குடிக்கல! டாக்டர் சொன்னாரு, குடிக்கலைன்னு! நான்தான் சொல்லிட்டேன்! பலகை குடுக்காததைக் கேப்பாங்கன்னு சொல்லிட்டேன்! போதுமா?"

மொழிபெயர்ப்புப் பெண் அதை அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என் கண் அவன் மேலேயே இருந்தது. அவன் தலையில் மணல், இமையில் மணல், உதட்டில் மணல். இன்னும் ஒரு மிதி போதும். பக்கம் முழுக்க உள்ளே போய்விடும். அவன் வாயிலும் ஒரு டாக்டர் விரலை விட்டு வழித்துப்போடட்டுமே என்று நினைத்தேன். பாவம், புண்ணியம், போலீஸ் எதுவும் மனசில் வரவில்லை. வந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன்.

"அண்ணே" என்றாள் தங்கச்சி. திரும்பாமலே சொன்னாள். "காலை எடு."

எடுத்தேன். அவளுக்காக எடுத்தேன், அவனுக்காக இல்லை.

மேலே இழுத்துப் போட்டதும் அவன் நாலு காலில் தவழ்ந்து போர்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மாமியார்க் கிழவி கல்லிலிருந்து எழுந்து வந்தாள். அவனைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தோம். அவனைத் தாண்டிப் போய் மருமகள் முன்னால் நின்று, அவள் புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள் கடைசியில். அவ்வளவுதான் பேசினாள். அது போதும் தங்கச்சிக்கு.

என் வேலை போயிற்று. லாரிக்காரன் வேலையும் போயிற்று, இன்றைக்கும் டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுகிறான். தண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அம்மாள் ஊருக்குப் போய் எழுதினாள், பணத்தை நிறுத்தினார்கள், பள்ளத்தை மட்டும் ஆள் வைத்து மூடினார்கள், அந்த ஆட்களுக்குக் கூலி உண்டு. மாதிரிக் குடியிருப்புக்கு எப்போதாவது வந்துகொண்டிருந்த லாரித் தண்ணீரும் நின்றது. அங்கே இருப்பவர்கள் என்னைக் கண்டால் துப்புகிறார்கள். துப்பட்டும், அவர்கள் நியாயம் அவர்களுக்கு. என் கணக்கு வேறு.

குச்சியை மேட்டுக் குடியிருப்பிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான், அதாவது அந்த மூங்கிலை. கிழவி அதை ஊன்றிக்கொண்டுதான் கிணற்றுக்கு நடக்கிறாள். கூடவே மருமகள்.

ஆள் மட்டும் கெட்டுப்போகவில்லை. இந்த மாதிரி ஆட்கள் கெட்டுப்போவதில்லை. வேறு நாட்டில் வேறு திட்டத்தில் இருக்கிறானாம். 'தோல்வியிலிருந்து கற்றல்' என்று மேடை மேடையாகப் பேசுகிறானாம். மொழிபெயர்ப்புப் பெண் ஒரு தடவை இந்தப் பக்கம் வந்தபோது சொன்னாள். பேசும்போது பின்னால் பெரிய திரையில் ஒரு போட்டோ போடுகிறான், மக்களோடு பள்ளத்தில் இறங்கி உழைத்தேன் என்று. அவள் எடுத்த அதே போட்டோ. அவன் அதை இன்டர்நெட்டில் போட்டிருந்ததைத் தன் போனில் எனக்குக் காட்டினாள்.

பார்த்தேன். மண்வெட்டியோடு இளிக்கிறான். மேலே, விளிம்பில், போட்டோவின் மூலையில் ஒரு கால். வார் அறுந்து முடிச்சுப் போட்ட செருப்பு, கட்டை விரல் நகம் பெயர்ந்தது. யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். அவன் கவனிப்பான். ஒவ்வொரு மேடையிலும், விளக்கை அணைத்துத் திரையைப் போட்ட உடனே, தன் தலைக்கு மேலே அது நிற்பது அவன் கண்ணில் படும்.

நான் இன்னும் அந்தக் காலை எடுக்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டே இருக்கட்டும்.